குரல் பெட்டிக்குப் பெரட்டு

"ஏழு நிமிஷம் ஆச்சு, மாப்ள. எங்கப்பா வட்டமா சுத்திக்கிட்டே இருக்காரு. வாயத் தொறக்க மாட்டேங்குறாரு."

தொலைபேசியில் பேசியவர் அர்ச்சுனன். செம்பாக்கா ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருஷம் மண்டோராக நின்று ஆட்களை வேலைக்கு அனுப்பியவர். தோட்டம் கைமாறி, தொழிலாளர் லயங்களை இடித்து, முப்பத்தொரு குடும்பங்களை மந்தினுக்குப் பக்கத்தில் ஒரு தாமானில், புதுக் குடியிருப்பில், வரிசை வீடுகளில் குடிவைத்த பிறகும் எல்லாருக்கும் அவர் மண்டோர்தான். இறந்துபோன அவருடைய அப்பா இப்போது கைப்பேசித் திரையில் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவ மூடிட்டுத் திரும்பத் திறந்து பாருங்க மாமா," என்றான் சுகுமாறன்.

"மூணு தடவ மூடிட்டேன். பெத்த அப்பன எத்தன தடவ லா மூடுறது?"

மந்தின் டவுனில் இருந்த தன் வீட்டில் சுகுமாறன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தான். காலை பதினொரு மணி. சன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. நீலாயில் இருக்கும் ஒரு கம்பெனியின் கணினிகளை வீட்டிலிருந்தபடியே கவனிப்பது அவன் வேலை. அதனால் வெளியே போக வேண்டிய தேவை இல்லை. அவனும் போவதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் மந்தின் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே நாகூர் கனி பாய் கடைக்குப் போய் ரொட்டி சானாய் பொட்டலம் வாங்கி வருவான். ரோகினி இறந்து பத்து மாதமாக அவனுடைய ஊர்வலம் அவ்வளவுதான்.

ரோகினி செம்பாக்காவில் பிறந்தவள். அதனால்தான் தெலுக் இந்தானிலிருந்து வந்த சுகுமாறன் தாமான் முழுவதற்கும் மாப்பிள்ளை. அவள் பாலர் பள்ளி ஆசிரியை. பள்ளி விட்டதும் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய்க் கைப்பேசியை நடுவில் வைத்துவிட்டு, "சொல்லுங்க," என்பாள். அவர்கள் சொல்வார்கள். நிறுத்தினால், "அப்புறம்?" என்பாள். ஆறு வருஷத்தில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது ஒலிப்பதிவுகள். அத்தனையையும் கிளவுடில் வாடகைக்கு எடுத்த ஒரு வட்டில் சுகுமாறன் ஏற்றிக் கொடுத்தான். தாமானில் அதற்குப் பெயர் குரல் பெட்டி. அவரவர் வீட்டில் செத்தவர்கள் பேசுவதை அவரவர் கைப்பேசியில் கேட்டுக்கொள்ளலாம்.

நான்கே நாள் காய்ச்சலில் ரோகினி போய்விட்டாள். அவள் யாருக்கும் தன் கதையைச் சொல்லிப் பதியவில்லை. அவளுடைய குரல் என்று மிஞ்சியது இரண்டாயிரத்துச் சொச்சம் பதிவுகளின் நடுவே வரும் அந்த "சொல்லுங்க"வும் "அப்புறம்?"உம்தான். சுகுமாறன் அதில் ஒன்றைக்கூட இதுவரை கேட்கவில்லை.

முந்தாநாள் அந்த வட்டு செத்துப்போனது. அது சாகப் போகிறது என்று நாற்பத்திரண்டு எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வந்திருந்தன. ஒன்றையும் அவன் திறக்கவில்லை. நல்ல வேளையாக ஒரு ஸ்னாப்ஷாட் இருந்தது. வட்டை அன்றைக்கு இருந்தபடியே எடுத்து வைத்த நகல். அதிலிருந்து புது வட்டு ஒன்றை உண்டாக்கி, எல்லாப் பதிவுகளும் பட்டியலில் தெரிவதைப் பார்த்துவிட்டுத்தான் நேற்றுப் படுத்தான்.

"பட்டியல்ல பேரு இருக்கு, மாப்ள," என்றார் அர்ச்சுனன். "ஆளு வர மாட்டேங்குறாரு. இது பெரட்டுல பேர் குடுத்துட்டு வேலைக்கு வராத கேசு."

வட்டு சின்னது, அதனால்தான் திணறுகிறது என்று முடிவு செய்த சுகுமாறன், அதே நகலிலிருந்து இரண்டு மடங்கு பெரிய வட்டு ஒன்றை உண்டாக்கி மாற்றினான். அரை மணி நேரத்தில் தாமானின் வாட்சப் குழுவில் செல்லம் அக்கா குரல் செய்தி போட்டாள்.

"தம்பி, காலையில என் வீட்டுக்காரரு அரைமணி கழிச்சாவது பேசுனாரு. ரெண்டாவது தடவ போட்டப்ப டக்குனு பேசுனாரு. இப்ப திரும்பவும் ஊமையாயிட்டாரு. என்னா பண்ணீங்க அவர?"

பெரிய வட்டும் போதாது, வேகமான ரக வட்டு வேண்டும் என்று நினைத்து மூன்றாவதாக ஒன்றைப் போட்டான். இப்போது முப்பத்தொரு வீட்டிலும் ஊமை.

அன்று மாலை தாமான் சங்கச் செயலாளர் புனிதன் கூப்பிட்டான். போர்டிக்சனில் வேலை, எதையும் தேதி குறித்துப் பேசுபவன்.

"பிரதர், ரோகினிக்காவோட வருஷத் திதி வர்ற மாசம் இருபத்தெட்டு, ஞாயித்துக்கிழம. மண்டபத்துல எல்லாரும் சேர்ந்து குரல் பெட்டி கேக்குறதா கமிட்டி முடிவு. ஏழு வாரம் இருக்கு. அதுக்குள்ள சரியாயிடும்தானே?"

"ஆயிடும்."

"ஆகலன்னாலும் கவலப்படாதீங்க. கோலாலம்பூர்ல ஒரு கம்பெனிய பாத்து வச்சிருக்கேன். மொத்தமா குடுத்தா சுத்தம் பண்ணித் தர்றாங்க. இருமல், நாய் கொலைக்கிறது, நடுவுல கேள்வி கேக்குறது எல்லாத்தையும் வெட்டிட்டு, பேசுறவங்க பேச்ச மட்டும் அழகா கோத்துக் குடுத்துடுவாங்களாம்."

சுகுமாறன் கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"பிரதர்? லைன்ல இருக்கீங்களா?"

"நானே சரி பண்ணிடுறேன்," என்றான்.

கேள்வி கேட்பதை வெட்டிவிட்டால் ரோகினி இந்த உலகத்தில் எங்கேயும் இருக்கமாட்டாள். புனிதனுக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அப்படிப் பேசுகிறவன் இல்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து படித்ததில் விஷயம் புரிந்தது. நகலிலிருந்து எடுத்த வட்டு முழுதாக வந்துவிட்டதுபோல் காட்டிக்கொள்ளும். உண்மையில் வந்திருக்காது. யாராவது ஒரு பகுதியைக் கேட்டால்தான் தொலைவில் இருக்கும் கிடங்கிலிருந்து அந்தப் பகுதி மட்டும் புறப்பட்டு வரும். அதனால் முதல் தடவை நெடுநேரம் ஆகும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு இங்கேயே தங்கிவிடும். அடுத்த தடவை கேட்ட உடனே கிடைக்கும். ஒவ்வொரு முறையும் புது வட்டு போட்டு, வந்து சேர்ந்தவர்களை எல்லாம் சுகுமாறனே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான்.

செய்யவேண்டியது ஒன்றுதான். வட்டை முதலிலிருந்து கடைசிவரை யாராவது ஒருமுறை படித்துவிட வேண்டும். அதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு அதை முழு வேகத்தில் ஓடவிட்டு, பத்து மாதத்தில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு தேநீர் போட்டுக்கொண்டான்.

அந்த நேரத்தில் செல்லம் அக்கா வீட்டில் அவள் கணவருடைய திதி நடந்துகொண்டிருந்தது. படையல் போட்டு, சூடம் காட்டி, உறவுக்காரர்கள் உட்கார்ந்திருக்க, அவருடைய குரலைப் போட்டார்கள். இரண்டு நிமிஷம் பேசினார். பிறகு ரோகினியின் குரல், "அப்புறம்?" என்றது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "செல்லத்துக்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருக்கேன். அவகிட்ட நேரா சொல்லத் தைரியம் இல்ல," என்றார்.

அதோடு நின்றுபோனார். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுகுமாறனின் கட்டளை வட்டின் மொத்த மூச்சையும் இழுத்துக்கொண்டிருந்தது. வேறு யாருக்கும் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை.

முக்கால் மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. இலையில் சோறு காய்ந்தது. செல்லத்தின் நாத்தனார் வள்ளியம்மா, "எங்கண்ணன் அப்பவே சிரம்பான் பக்கம் அடிக்கடி போவாரு," என்று மெதுவாக ஆரம்பித்தாள். ஒரு மணி நேரத்தில் சிரம்பானில் ஒரு வீடு உருவானது. இரண்டாவது மணியில் அந்த வீட்டில் ஒரு பெண் குடிவந்தாள். செல்லம் அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாமானிலிருந்து இருபது அழைப்புகள் வந்த பிறகு சுகுமாறன் கட்டளையை நிறுத்தினான். மனிதர் உடனே பேசினார். "கொல்லக் கதவு தாப்பா லூசா இருக்கு. பழசு, திருட்டு பயம். நான் மாத்துறேன் மாத்துறேன்னு மாத்தாமலே விட்டுட்டேன். இனிமே கைல தெம்பு இல்ல. சொன்னா திட்டுவா."

வள்ளியம்மா கை கழுவப் போனாள். செல்லம் அக்கா கொல்லைக் கதவருகே போய் உட்கார்ந்துகொண்டு, யார் கூப்பிட்டும் வரவில்லை. மாலையில் தச்சரைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளை மாற்றினாள். பழையதை ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் கமிட்டி கூடி, மாப்பிள்ளை தனியாக எதையும் செய்யக்கூடாது என்று தீர்மானம் போட்டது. சுகுமாறன் நேரில் வந்து விளக்கவேண்டும் என்றும் போட்டது. அவன் சவரம் செய்யாத முகத்தோடு மண்டபத்துக்கு வந்தான். அவனைப் பத்து மாதம் கழித்துப் பார்த்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சட்டை தோளிலிருந்து தொங்கியது.

"ஒவ்வொரு பதிவையும் யாராவது ஒரு தடவ முழுசா திறந்தாப் போதும்," என்றான் சுகுமாறன். "மொத தடவதான் நேரமாகும். அதுக்கப்புறம் வேகமா வந்துடும்."

அர்ச்சுனன் நாற்காலியில் நிமிர்ந்தார். "புதுப் பட்டை திறந்த மரம் மாதிரி. மொதல்ல வெட்டுறப்ப கோடு நனையாது. விடாம வெட்டுனா பால் வந்துடும்."

"அப்படித்தான்னு வச்சுக்குங்க மாமா."

"எத்தன மரம்?"

"ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது."

"முப்பத்தொரு வீடு. வீட்டுக்கு அறுபத்தொம்பது. ஒருத்தனுக்கு ஒரு மரம் சேத்துக் குடுத்தாச் சரியா வந்துடும்," என்றார் அர்ச்சுனன். பென்சில் கேட்டு வாங்கிக் காதில் செருகிக்கொண்டார். "நாளைக்குக் காலையில ஆறு மணிக்குப் பெரட்டு. வராதவனுக்கு வேல கெடையாது."

அந்தக் காலத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, இன்னாருக்கு இந்த நிரை என்று மரங்களைப் பிரித்துக் கொடுப்பார்களே, அதுதான் பெரட்டு. இப்போது வாட்சப் குழுவில் நடந்தது. "முத்தாயி." "வந்தாச்சு." "எழுபதுலேர்ந்து நூத்தி முப்பத்தெட்டு வரைக்கும். அரைகுறையா வெட்டாத." "புனிதன்." "மண்டோர், எனக்கு ஏழு மணிக்கு வேல." "பஸ்ல போறப்ப வெட்டு."

திட்டத்தில் ஒரு தவறு இருந்தது. பதிவைத் திறந்தால் போதும் என்று சுகுமாறன் சொன்னான். கேட்கவேண்டாம் என்று சொல்லவில்லை. அவரவர் வீட்டுப் பதிவை மட்டும் அவரவர் கேட்டுக்கொண்டிருந்த தாமானில், இப்போது முதல் தடவையாக எல்லாரும் அடுத்த வீட்டுக் கதையை முழுசாகக் கேட்டார்கள்.

மூன்றாம் நாள் முத்தாயி அத்தை சுகுமாறனைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"மாப்ள, நூத்தி ரெண்டாவது மரத்துல செல்லம் பேசுறா. எண்பத்தாறாம் வருஷம் என் கெடா காணாமப் போச்சே, அத யாரு அறுத்தா தெரியுமா? அவ வாயாலயே சொல்லிச் சிரிக்கிறா. நம்ம ரோகினி பொண்ணு வேற, 'அப்புறம்?'னு எடுத்துக் குடுக்குது."

"அத்தை, அது நாப்பது வருஷத்துக்கு முன்னாடி."

"நான் அந்தக் கறியச் சாப்பிட்டிருக்கேன், மாப்ள. நல்லா இருக்குன்னு ரெண்டாந்தடவ வேற கேட்டு வாங்குனேன்."

ஒரு வாரத்தில் ஆறு வீடுகளுக்கு ஆறு வீடுகளோடு பேச்சு இல்லை. ஒரு கல்யாணச் சம்பந்தம் நின்று, வேறு ஒரு பதிவில் கிடைத்த தகவலால் திரும்பவும் பேசி முடிக்கப்பட்டது. அர்ச்சுனனே ஒரு நாள் பெரட்டுக்கு வரவில்லை. அவரைக் கங்காணிக்குக் கைக்கூலி என்று நான்கு பதிவுகளில் நான்கு பேர் சொல்லியிருந்தார்கள், நான்கு பேரும் செத்துப்போயிருந்ததால் சண்டை போட ஆளில்லை. இருந்தாலும் வேலை நிற்கவில்லை. கோபத்தோடும் அழுகையோடும் முப்பத்தொரு வீடும் தன் தன் நிரையை வெட்டி முடித்தது.

பெரட்டு தொடங்கிய இரண்டாம் வாரக் கடைசியில் சுகுமாறன் தன் கணினியில் தாமதத்தைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்தான். கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. எந்தப் பதிவைத் தொட்டாலும் ஒரு நொடி. சத்தத்தை அடைத்துவிட்டு ஐம்பது பதிவுகளைத் திறந்து பார்த்தான். எல்லாமே ஒரு நொடி. "சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன்," என்று குழுவில் எழுதினான். "திதிக்குப் பிறகு கடவுச்சொல்லைப் புனிதனிடம் கொடுத்துவிடுகிறேன். இனி நான் பார்க்க ஒன்றும் இருக்காது."

அன்று முழுக்கக் குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குச் செல்லம் அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, ரொம்ப மெதுவா இருக்கு."

"என் கணினில நல்லாத்தானே இருக்கு அக்கா."

"இங்க இல்ல. வந்து பாருங்க."

மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். கூடத்தில் உட்கார்ந்து அவளுடைய கைப்பேசியை வாங்கித் திறந்தான். ஒரு நொடியில் பேசியது.

"நீங்க தொட்டா பேசுது," என்றாள் செல்லம். "கொஞ்ச நேரம் இருந்து பாருங்க. வெறும் வயித்தோட இருந்தா எதும் சரியாத் தெரியாது. கீரை ஆக்கியிருக்கேன்."

கைப்பேசியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து அவள் ஓடவிட்டாள். தோட்டத்து ஆற்றில் வெள்ளம் வந்த கதை. நடுவில், அவன் கையில் சோறு இருக்கும்போது, ரோகினி கேட்டாள்: "அப்புறம்?"

சுகுமாறன் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். செல்லம் அக்கா எதையோ எடுக்கப்போவதுபோல் சமையலறைக்குள் போய்விட்டாள். வெள்ளம் வடிந்து, ஆடுகள் கரையேறி, பதிவு முடிந்து வெகுநேரம் கழித்து வந்து, "ரசம் ஊத்தட்டா?" என்றாள்.

அதற்கடுத்த நாள் அடுத்த வீடு. அதற்கடுத்த நாள் அதற்கடுத்த வீடு. போனால் உடனே திறக்கும். "ஐயோ, இவ்வளவு நேரம் சுத்துச்சே," என்பார்கள். காத்திருந்து பார்க்கச் சொல்வார்கள். காத்திருக்கும்போது பதிவு ஓடும். புனிதன்கூட ஒரு வியாழக்கிழமை விடுப்பு எடுத்து வீட்டில் இருந்துகொண்டு, "பிரதர், பயங்கர ஸ்லோ," என்றான். திறந்து காட்டியபோது, "ஆமா, வேகமாத்தான் இருக்கு. ஆனா ஒரு மாதிரி ஸ்லோவான வேகம்," என்றான்.

சுகுமாறன் புகார்களை ஒரு தாளில் எழுதிவந்தான். இரண்டாம் வாரம் அதைப் பார்த்து அதிர்ந்தான். ஒரே நாளில் இரண்டு புகார் கிடையாது. வருவது எப்போதும் பன்னிரண்டு மணிக்கு. பிழை ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று தெருவோடு நகர்ந்துகொண்டிருந்தது. வட்டில் இப்படி ஒரு கோளாறு இருக்க முடியாது. இணையக் கம்பியில்தான் இருக்கவேண்டும். ஏணியைத் தூக்கிவந்து தெருமுனைக் கம்பத்தில் சாத்தி ஏறிப் பார்த்தான். தாமானே கீழே வந்து நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டது.

"எறங்குங்க மாப்ள," என்றாள் முத்தாயி அத்தை, முகம் வெளுத்து. "மெதுவா இருந்தா இருந்துட்டுப் போவுது. எங்களுக்கு என்னா அவசரம்? செத்தவங்கதானே பேசுறாங்க."

இறங்கியபின் அர்ச்சுனனிடம் சொன்னான், "மாமா, பேசாம நகல்லேர்ந்து புது வட்டு ஒண்ணு எடுத்துத் திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிச்சுடலாமா?"

"வேணாம்," என்றார் அர்ச்சுனன் உடனே. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இன்னொரு தடவ எல்லாத்தையும் வெட்டுனா இந்தத் தாமான்ல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க முடியாது. இருக்குறதையே பாருங்க. நாளைக்கு ஏதும் புகார் வந்தா வந்து பாருங்க," என்றார்.

நாளைக்கும் வந்தது. அதற்கு மறுநாளும்.

இருபத்தேழாம் தேதி, சனிக்கிழமை. மறுநாள் திதி. வட்டை மெதுவான வேகத்தில் கடைசித் துணுக்குவரை தனியாக இன்னொரு தடவை படித்து முடித்திருந்தான். இதற்குமேல் செய்ய மனிதனால் ஆவது எதுவும் இல்லை என்று நூறு முறை சரிபார்த்திருந்தான். பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. முத்தாயி அத்தை, தெருவின் கடைசி வீடு.

"மாப்ள, சுத்திக்கிட்டே இருக்கு."

சுகுமாறன் தொலைபேசியை வைத்தான்.

தோற்றுவிட்டான். எங்கே தோற்றான் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. நாற்பத்திரண்டு மின்னஞ்சல்களில் ஒன்றைத் திறந்திருந்தால் போதும், இவ்வளவும் நடந்திருக்காது. நாளைக்கு மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் ரோகினியின் ஆறு வருஷம் வட்டமாகச் சுற்றும். அதைவிட இப்போதே புனிதனிடம் போய், கோலாலம்பூர் கம்பெனிக்குக் கொடுத்துவிடு என்று சொல்வது நல்லது. அவர்கள் வெட்டட்டும். இருமலை, நாய்களை, நடுவில் கேட்பவளை. பேசுகிறவர்களாவது மிஞ்சட்டும்.

முதல் தடவையாகக் கணினியில் சத்தத்தைத் திறந்தான். கைக்கு வந்த ஒரு பதிவைத் தொட்டான். யாரோ ஒரு கிழவர் தான் முதன்முதலில் படம் பார்க்கப் போன கதையைச் சொன்னார். ரோகினி சிரித்தாள். அவள் சிரிப்பது பதிவில் இருக்கும் என்பதே அவனுக்கு மறந்திருந்தது. பாதி சிரிப்பில், "அப்புறம்?" என்றாள். கிழவருக்கு அதற்கப்புறம் ஒன்றும் இல்லை போலிருந்தது. அடுத்த வீட்டு ரேடியோவைத் தவிர வேறு சத்தமில்லை. அவள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். கிழவர் திரும்பப் பேச ஆரம்பித்தார்.

அவன் முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினான். புனிதனிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழி நெடுகச் சொல்லிப் பார்த்தான். கடைசிச் சொல்வரை ஒருமுறைகூடப் போகமுடியவில்லை. மந்தின் பேருந்து நிறுத்தத்தின் எதிரே வந்தபோது காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று மோட்டரை நிறுத்தினான். இந்தக் கடைக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

நாகூர் கனி பாய் கல்லாவில் இருந்தார். அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். திரும்ப அவனைப் பார்த்தார்.

"என்னா தம்பி இந்தப் பக்கம்?"

"சாப்பிடத்தான் பாய். சோறு ஒண்ணு போடச் சொல்லுங்க."

"சோறு இல்ல."

சுகுமாறன் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான். சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. மீன், கோழி, வெண்டைக்காய், எல்லாம் தட்டுத் தட்டாக இருந்தன.

"அது?"

"அது வேற ஆளுங்களுக்கு."

"ரொட்டி?"

"மாவு இல்ல."

பக்கத்தில் ஒருவன் மாவை விசிறி வீசிக்கொண்டிருந்தான். பாய் அவனைப் பார்த்த பார்வையில் மாவு கல்லின் மேல் அப்படியே நின்றது.

"பாய், வெளையாடாதீங்க. எனக்கு இன்னிக்கு மனசு சரியில்ல. எத்தனை மாசம் உங்க கடையிலதான் சாப்பிட்டேன். எனக்கு ஏன் சோறு இல்லங்கறீங்க?"

கனி பாய் கல்லாவை விட்டு வெளியே வந்தார். மற்ற வாடிக்கையாளர்களைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஒரு விஷயத்தைச் சொல்லக்கூடாது என்று சொல்லிவைக்கப்பட்ட மனிதர், அதைச் சொல்லாமல் வேறு வழியில்லாமல் போகும்போது தவிக்கும் தவிப்பு அவர் முகத்தில் இருந்தது. அவன் தோளில் கைவைத்து வாசல் பக்கம் திருப்பினார்.

"அந்தப் பொட்டி போன மாசமே சரியாயிருச்சு தம்பி, சரியாயிருச்சுன்னு தெரிஞ்சா நீங்க திரும்பவும் கதவச் சாத்திக்குவீங்கன்னு, எந்த நாளைக்கு எந்த வீட்டுல மெதுவா இருக்கணும், என்னா சமைக்கணும்னு மண்டோர் முறை போட்டுக் குடுத்திருக்காரு, இன்னிக்கு முத்தாயி வீடு, போங்க, மீன் கொழம்பு ஆறுது."